வரமும் உபாயமும்: தொண்டைமண்டலப் பாரதக் கூத்தில் போர்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய இன்றைய சென்னையின் மேற்குப் புறநகர்கள், தொழிற்பேட்டைகளும் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் எழுவதற்கு முன்பு, ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த தொண்டைமண்டல நிலப்பரப்பின் பகுதியாக இருந்தன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவாகும்வரை ஆட்சி எல்லையிலும் அவை செங்கல்பட்டோடு சேர்ந்தே இருந்தன. இம்மண்டலத்தின் சிற்றூர்களில் வேரூன்றிய திரௌபதியம்மன் விழாவில், பகலில் பாரதக் கதையைப் பாடி விளக்கும் பிரசங்கமும், இரவில் அதே கதையை ஆடிக் காட்டும் தெருக்கூத்தும் இணைந்து நடைபெறும். ஊரார் கூடிப் பாரதம் கேட்கும் வழக்கம் இங்கு மிகப் பழையது என்பதற்கு, காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்து மண்டபத்தில் பாரதம் படிக்க ஏற்பாடு செய்த, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு சான்றாகும்.

இக்கூத்துகளில் மோதுவோர் பலர் மனித ஆற்றலைக் கடந்தவர்கள். ஆனால் ஒரு வரத்தை அதைவிடப் பெரிய வரத்தால் வெல்வது இம்மரபின் வழி அன்று. எந்த வரத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைக் கண்டறிவதே உபாயம் என்பதுதான் கதைகளை இயக்கும் விதி. இரு பாதிகளாகப் பிறந்து ஒட்டவைக்கப்பட்ட சராசந்தனை வீமன் கிழித்தெறிகிறான். பாதிகள் மீண்டும் கூடிவிடுகின்றன. கண்ணன் ஒரு துரும்பைக் கிள்ளி, அதன் துண்டுகளை இடம் வலமாக மாற்றிப் போட்டுக் காட்டிய பிறகே வீமனின் தோள்வலிமைக்குப் பயன் கிடைக்கிறது. வலிமையும் அறிவும் தனித்தனியே தோற்று, சேர்ந்தபோது வெல்கின்றன.

கர்ணன் கதையில் இவ்விதி இன்னும் நுட்பமாகிறது. கவசகுண்டலங்களோடு பிறந்தவனைப் போர்க்களத்தில் வெல்ல இயலாது என்பதால், அவனுடைய கொடைக்குணமே அவன் எல்லையாகிறது. இந்திரன் அந்தணர் வடிவில் வந்து அவற்றை இரந்து பெறுகிறான். ஈடாகக் கிடைத்த வேல் ஒருமுறை மட்டுமே பயன்படும் என்பதால், அதைக் கடோற்கசன்மேல் செலவிட வைக்கிறான் கண்ணன். வில்லிபுத்தூராரின் பாரதத்தில் நாகக்கணையை இரண்டாம் முறை தொடுக்கலாகாது என்ற வரத்தைத் தாய் குந்தி கர்ணனிடம் பெற்றுக்கொள்ள, களத்தில் கண்ணன் தேரை நிலத்தில் அழுத்தி முதல் கணையையும் வீணாக்கிவிடுகிறான். கர்ண மோட்சம் விடிய விடியப் பார்க்கப்படும் கூத்தாக நிலைத்ததற்கு, வீரம் குறையாத ஒருவன் தன் நற்பண்பினாலேயே படிப்படியாக நிராயுதன் ஆவதைக் காணும் துயரமே காரணம் எனலாம்.

உபாயத்தின் வெற்றி எளிதாகிவிடாமல் காப்பது ஆட்டக்கலையின் பொறுப்பு. கிரீடம், புயக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய மர அணிகளைப் பூண்ட வேடம் ‘கட்டை வேடம்’ எனப்படும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடத் தொடங்கும் துரியோதனன், திரை விலகியதும் சுழன்றாடி அரங்கை நிறைக்கும்போது, இவனை வீழ்த்துவது எவ்வாறு என்ற கேள்வி பார்வையாளரிடம் தானாகவே எழுகிறது. எதிரியின் பெருமையை முதலில் முழுமையாக நிறுவிய பிறகே அவன் குறையைத் தொடுவது இக்கலைஞர்கள் தலைமுறைகளாகக் கைக்கொண்ட அளவுகோல்.

இக்கூத்துகளின் முடிவு படுகளம், அதாவது இறுதிப் போரை ஊர்வெளியில் நிகழ்த்தும் சடங்கு. மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் மாபெரும் உருவம் மண்ணால் தரையில் வனையப்படும். தொடையில் செந்நீர்க் கலம் ஒன்று மறைத்து வைக்கப்படும். காந்தாரியின் பார்வையால் வைரம் பாய்ந்த அவன் உடலில், அப்பார்வை படாத தொடை மட்டும் மெலிந்த இடம் என்பது நாட்டார் வழக்கு. கண்ணன் தன் தொடையைத் தட்டிக் குறிப்புக் காட்ட, வீமன் வேடத்தார் கதையால் அங்கே அடிக்கிறார்; பீறிடும் செந்நீரைத் தொட்டுத் திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிறாள்.

இடைக்குக் கீழே அடிப்பது கதைப்போரின் நெறிக்கு மாறானது என்பதை மரபு மறைக்கவில்லை. பலராமன் அதற்காகச் சினந்ததைப் பாரதமே கூறுகிறது. சூழ்ச்சி தேவையாக இருந்தது என ஒப்புக்கொண்டு, அதற்குரிய கடனையும் இம்மரபு செலுத்துகிறது: கூந்தலை முடியாதிருந்த திரௌபதியின் சபதம் நிறைவேறிய அதே களத்தில், மண்ணாய்க் கிடக்கும் துரியோதனனின் தலைமாட்டில் அமர்ந்து, அவனைப் பெற்றவளாகவும் மணந்தவளாகவும் வேடமிட்டோர் ஒப்பாரி வைக்கிறார்கள். திரௌபதியின் வெற்றிக்காக விரதமிருந்து காத்திருந்த ஊரும் அந்த ஒப்பாரியைக் கேட்ட பிறகே தீமிதிக்குச் செல்கிறது.