சுருட்டு பத்தவெச்ச ஓட்டையும் எண்ணூர் லாரியும்

இந்தப் பதிவு ஒரு ஓட்டையைப் பத்தினது. கார் டேஷ்போர்டுல வட்டமா ஒண்ணு இருக்குமே, செல்போன் சார்ஜர் சொருகுவோமே, அதேதான். அது சிகரெட் பத்தவைக்க வெச்ச துளைங்கிறது நிறைய பேருக்குத் தெரிஞ்ச சேதி. ஆனா அந்தத் துளையே இல்லாத பழைய வண்டிகள்ல, அதுவும் எங்க எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் ஓடுற லாரிகள்ல என்ன பண்ணாங்கன்னு யாரும் எழுதி நான் படிச்சதில்லை. சரி, நாமே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல ஓட்டையோட ஜாதகம். ஓடுற கார்ல காத்துக்குத் தீக்குச்சி நிக்காது. அதனால மின்சாரத்துல கம்பியைச் சூடாக்கிப் பத்தவைக்கிற ஏற்பாடு வந்தது. ஆரம்பத்துல அதுக்கு ஒயர் இருந்தது. ஒயர் இல்லாம கையில எடுக்கிற மாதிரிக்கு 1921-ல அமெரிக்காவுல காப்புரிமை கொடுத்தாங்க. 1925-26 வாக்குல அங்க கார் கம்பெனிகளே வண்டியோட சேர்த்துக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. சூடானதும் 'டக்'னு தானா வெளிய தள்ளிக்கிற வகையை காஸ்கோ கம்பெனி 1956-ல கொண்டுவந்தது. அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்ல இருந்து 12 வோல்ட்டுக்கு மாறினதும் அந்தப் பத்து வருஷத்துலதான்.

லைட்டருக்கு வேலை சில விநாடிதான். அதனால அந்தத் துளைக்கு ஒரு பூட்டும் கிடையாது. நடுவுல ஒரு முனை, பக்கவாட்டுல ஒரு தகடு, அவ்வளவுதான். அதுல மணிக்கணக்கா சார்ஜரை மாட்டிவெச்சா, குண்டு குழியில வண்டி குலுங்கக் குலுங்க அது வெளிய வந்துடும், இல்லைன்னா தொட்டும் தொடாமலும் நின்னு சூடாகும். அதான் எல்லார் கார்லயும் நடக்குதே!

இந்தியாவுல முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. டார்ச் வெச்ச நோக்கியா 1100 வந்தது 2003-ல. பொது இடத்துல புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2. சிகரெட் ஒதுங்கிப் போச்சு, ஓட்டை தங்கிடுச்சு. கார்காரங்க கதை இத்தோட சுபம்.

இப்ப லாரிக்கு வருவோம். காட்டுப்பள்ளிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்துலதான் எண்ணூர் தொழிற்சாலை. 1948-ல ரகுநந்தன் சரண் தொடங்கின அசோக் மோட்டார்ஸ் முதல்ல பூட்டினது ஆஸ்டின் ஏ40 கார். அப்புறம் லேலண்டோட கைகோத்து, 1955-ல அசோக் லேலண்ட்னு பேர் மாறி, லாரியும் பஸ்ஸும்தான் அதோட அடையாளம்னு ஆச்சு.

அந்தக் காலத்துல ஆலையை விட்டு வெளிய வர்றது முழு லாரி இல்லை. இஞ்சின், சேஸிஸ், ஸ்டியரிங், முன்னாடி ஒரு தகடு. டிரைவர் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வெயில்ல ஓட்டிட்டுப் போவார். நாமக்கல், திருச்செங்கோடு மாதிரி ஊர்கள்ல பாடி கட்டுவாங்க. கேபின்ல தூங்கப் பலகை உண்டு, பாத்திரம் வைக்கப் பெட்டி உண்டு, சாமி படத்துக்கு மாடம், அதைச் சுத்தி சீரியல் பல்பு எல்லாம் உண்டு. கரெண்டு எடுக்க ஒரு துளை மட்டும் யார் கணக்குலயும் வரலை. அது பாடி கட்டுறவர் பாடுன்னு கம்பெனி விட்டுடுச்சு, ஓனர் சொல்லலைன்னு பாடி கட்டுறவர் விட்டுட்டார். ஓனர் லாரியில தூங்குறவர் இல்லையே!

இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரிய டீசல் இஞ்சினைச் சுத்திவிட செல்ஃப் மோட்டாருக்கு ஏகப்பட்ட சக்தி வேணும். வோல்ட்டை இரட்டிப்பாக்கினா அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும், ஒயரும் மெலிசா போடலாம். அதனால பெரிய லாரி, டிரெய்லர்கள்ல பெரும்பாலும் 24 வோல்ட்: ரெண்டு 12 வோல்ட் பேட்டரி, ஒண்ணோட வால்ல இன்னொண்ணு. ஆனா கடையில கிடைக்கிற டேப் ரிக்கார்டர், ஃபேன், சார்ஜர் எல்லாம் காருக்குன்னு செஞ்ச 12 வோல்ட்.

நம்ம ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்மார் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேட்டரியும் சேர்ற நடு இடத்துல இருந்து ஒரு ஒயரை இழுத்தா 12 வோல்ட் ரெடி! பாட்டும் பாடும், போனும் சார்ஜ் ஆகும். சேர்ந்தாப்பல பத்து நிமிஷ வேலை.

எங்க பெரியப்பா இருபது வருஷத்துக்கு மேல லாரி ஓட்டினவர். வண்டியில இருக்கிற ரெண்டு பேட்டரியில ஒண்ணுக்கு மட்டும் ஓயாம டிஸ்டில்டு வாட்டர் ஊத்திக்கிட்டே இருப்பார். இன்னொண்ணு காலையில எந்திரிக்காது. "ஒரே நாள்ல வாங்கினதுதான்டா, ஒண்ணு தண்ணி குடிக்குது, ஒண்ணு தூங்குது"ன்னு சொல்லுவார். காரணம் அந்த நடு ஒயர்தான். அதுல மாட்டின எல்லாமே கீழ் பேட்டரியில இருந்து மட்டும் உறிஞ்சும். ஆல்டர்னேட்டருக்கோ இது தெரியாது. ரெண்டையும் ஒரே ஆளா நெனச்சு சுமார் 28 வோல்ட் தள்ளும். இளைச்ச பேட்டரிக்கு 13 போனா, தெம்பா இருக்கிறது மேல 15 ஏறும். அது கொதிச்சுத் தண்ணி வத்தும். இது நிறையாமலேயே கிடந்து சாகும். கடைசியில ரெண்டையும் மாத்தணும். சம்பளத்துல பிடிச்சாரோ இல்லையோ, ஓனர்கிட்ட பேச்சு வாங்கினது பெரியப்பாதான்.

சரி, நேரா 24-ல மாட்டினா? பழைய மலிவு சார்ஜர்ல 7805-ன்னு மூணு கால் ஐசி இருக்கும். 24-ஐ 5 ஆக்கி ஒரு ஆம்பியர் கொடுக்கணும்னா மீதி 19 வாட்டும் சூடாத்தான் போகும். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட், பாத்துக்கங்க. பின்னாடி வந்த எம்சி34063 ஐசி 40 வோல்ட் வரை தாங்கும். ஆனா அது பக்கத்துல 16 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டுக் காசு மிச்சம் பிடிச்சிருந்தா புகைதான்.

லாரிக்கு மட்டும் இந்த வம்புன்னு நெனைக்காதீங்க. திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட்டுல பழசெல்லாம் 6 வோல்ட். அந்த 7805-க்கு உள்ள வர்றது ஏழாவது இருக்கணும், ஆறு போதாது. 1957-ல வந்து 2014 வரை ஓடின அம்பாசடர் 12 வோல்ட்தான். ஆனா பழைய டைனமோ வண்டி சிக்னல்ல நின்னா சார்ஜே ஏறாது. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள்ல பாடியில பாசிட்டிவ் கொடுத்த வகையும் உண்டு. அதுல இன்னைய சாக்கெட்டை யோசிக்காம முடுக்கினா கரெண்டு தலைகீழாத்தான் வரும்.

இவ்வளவு பழங்கதை எதுக்குன்னா, பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013 வாக்குல ஓட ஆரம்பிச்சு, 2018-ல அதானி கைக்குப் போச்சு. பக்கத்துலயே 2001-ல திறந்த எண்ணூர் துறைமுகம், இப்ப காமராஜர் துறைமுகம். வட சென்னை அனல்மின் நிலையத்தோட முதல் ரெண்டு கட்டம் 1830 மெகாவாட், வல்லூர் 1500 மெகாவாட். இவ்வளவு மின்சாரம் தலைக்கு மேல போகுது. கீழ வரிசையில நிக்கிற டிரெய்லர் டிரைவர் அஞ்சு வாட்டுக்கு அலையறார்.

போனை ஆடம்பரம்னு சொல்ல முடியாது. 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் இருக்கு, பாஸ்டேக் கணக்குல பணம் போடணும், வரிசை நகர்ந்தா கூப்பிடுவாங்க. ஆனா பேட்டரியை முழுங்குறது போன் இல்லை. ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் நாலஞ்சு ஆம்பியர்-மணிதான். 30 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினா 25. கழிமுகத்துக் கொசுவுல ஃபேன் இல்லாமத் தூங்க முடியாது. தூங்காதவர் காலையில நாப்பது டன்னை ஓட்டுவார். எதிர்ல வர்றது நீங்களும் நானும்தான்.

செய்யறதைச் சரியா செய்ய பெரிய செலவு ஒண்ணும் இல்லை. நடு ஒயரைக் கழட்டிட்டு, ரெண்டு பேட்டரியில இருந்தும் சேர்த்து எடுக்கிற 24-க்கு 12 கன்வெர்ட்டர் போடணும். பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள பியூஸ் வேணும். பியூஸ் இல்லாத ஒயர் தகட்டுல உரசினா கேபினே எரியும். தகட்டு ஓட்டையில ரப்பர் வளையம், பத்து ஆம்பியருக்குத் தாங்குற ஒயர், கைக்கெட்டற மாதிரி ஒரு சுவிட்ச்.

2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகிற பெரிய லாரிகள்ல கேபினுக்கு ஏசியே கட்டாயம்னு ஆயிடுச்சு. நல்ல விஷயம். ஆனா அது புது வண்டிக்கு. இப்ப வரிசையில நிக்கிற பழைய வண்டிக்கு எந்த விதியும் சாக்கெட் வெச்சுத் தரப்போறதில்லை. உங்க வீட்டுலயோ தெருவுலயோ லாரி வெச்சிருக்கவங்க இருந்தா, பேட்டரிப் பெட்டியைத் திறந்து நடுவுல தனியா ஒரு ஒயர் கிளம்புதான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க.