வீட்டுத் திரைப்படக் கருவிகளில் ஒளியளவுக் கோளாறுகள்

வீட்டுத் திரைப்படக் கருவி (ஹோம் மூவி கேமரா) என்பது குடும்ப நிகழ்வுகளையும் பயணங்களையும் படச்சுருளில் பதிவுசெய்யப் பயன்பட்ட சிறிய கருவியாகும். கோடாக் நிறுவனம் 1932 இல் 8 மி.மீ சுருளையும் 1965 இல் சூப்பர் 8 சுருளையும் அறிமுகப்படுத்தியது. நிகழ்படக் கருவிகள் பரவியபின் இவை பெட்டிகளுக்குள் முடங்கின. ஆயினும் சூப்பர் 8 சுருள்கள் இன்றும் தயாரிக்கப்படுவதால், பழைய கருவிகளை மீண்டும் இயக்குவோர் உள்ளனர். அவர்கள் பெரும்பாலும் எதிர்கொள்வது ஒளியளவுக் கட்டுப்பாட்டுக் கோளாறாகும். 50 அடி நீளச் சூப்பர் 8 சுருள் நொடிக்கு 18 சட்டகம் என்ற வேகத்தில் 3 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும். உருத்துலக்கும் வரை பிழை தெரியாது என்பதால், சுருளை இடுவதற்கு முன்னரே சோதிப்பது இன்றியமையாதது.

இயங்கும் முறை

வில்லை வழியே சுருளை அடையும் ஒளியின் அளவை ஒளித்துளையின் (அபர்ச்சர்) விட்டமும் மூடியின் (ஷட்டர்) திறப்பு நேரமும் தீர்மானிக்கின்றன. திரைப்படக் கருவியில் மூடி ஒரு சுழலும் தட்டு. அதன் திறப்புக் கோணம் 150 பாகையானால், 18 சட்டக வேகத்தில் ஒளிபடும் நேரம் ஏறத்தாழ 1/43 நொடி. இந்நேரம் பெரும்பாலும் மாறாததால், ஒளித்துளையைக் கொண்டே ஒளியளவு கட்டுப்படுத்தப்படுகிறது. தானியங்கிக் கருவிகளில் ஒளிமின்கலம் கல்வனோமானி ஒன்றை இயக்க, அதன் முள்ளுடன் இணைந்த மெல்லிய தகடுகள் ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கின்றன. பிற்காலக் கருவிகள் சிலவற்றில் இவ்வேலையைச் சிறு மின்னோடி செய்கிறது.

செலீனியக் கலம்

1950கள், 1960களின் கருவிகள் பலவற்றில் வில்லையைச் சுற்றியோ அதன் மேலோ தேன்கூடு போன்ற கண்ணாடி காணப்படும். அதன் பின்னுள்ளது செலீனியக் கலம். ஒளிபட்டதும் தானே மின்னோட்டம் தருவதால் இதற்கு மின்கலம் தேவையில்லை. ஈரமும் முதுமையும் இதன் திறனைக் குறைக்கும். வலுவிழந்த கலம் வெயிலையும் நிழலாகக் கருதி ஒளித்துளையை அகலத் திறப்பதால் படம் வெளுத்துப்போகும். இதைச் சீராக்க எளிய வழியில்லை. கைமுறை அமைப்பு இருப்பின் தனி ஒளிமானியின் துணையுடன் பயன்படுத்தலாம்.

காட்மியம் சல்பைடும் பாதரச மின்கலமும்

காட்மியம் சல்பைடு மின்தடை ஒளி கூடும்போது மின்தடை குறையும் இயல்புடையது. இதற்கு வெளி மின்னழுத்தம் வேண்டும். கேனான் ஆட்டோ சூம் 814 போன்ற கருவிகளில் மின்னோடிக்கான மின்கலங்கள் வேறு, ஒளிமானிக்கான மின்கலங்கள் வேறு. கருவி ஓடுவதால் ஒளிமானியும் இயங்குகிறது என எண்ணுவது பரவலான தவறாகும்.

ஒளிமானிக்குப் பயன்பட்ட பி.எக்ஸ் 625 பாதரச மின்கலம் தீரும்வரை ஏறத்தாழ 1.35 வோல்ட்டைச் சீராகத் தந்தது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் இவ்வகை மின்கலங்கள் கைவிடப்பட்டன. 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 இல் உறுதிசெய்தது. அதே அளவுள்ள கார (ஆல்கலைன்) மின்கலம் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறையும். எளிய மின்சுற்றுகளில் கூடுதல் மின்னழுத்தம் கூடுதல் ஒளியாகக் கொள்ளப்பட்டுப் படம் இருண்டுபோகும். மின்கலம் தளரத் தளரப் பிழையின் அளவும் மாறும்.

காதுகேள் கருவிகளுக்குரிய 675 எண் துத்தநாக-காற்று மின்கலம் 1.4 வோல்ட் தருவதால் நல்ல மாற்றாகும். காதுகேள் கருவி விற்கும் கடைகளில் இது கிடைக்கும். இதன் துளைமேல் ஒட்டிய தாளை உரித்ததும் காற்றுப்பட்டு வேலைசெய்யத் தொடங்கும். பயன்படுத்தாவிடினும் சில வாரங்களில் தீரும். திண்டுக்கல் சமவெளி போன்ற வறண்ட, வெப்பமான இடங்களில் இன்னும் விரைவில் உலர்ந்துவிடும். மற்றொரு வழி, 1.55 வோல்ட் வெள்ளி ஆக்சைடு மின்கலத்தை ஷாட்கி இருமுனையம் பொருத்திய உறையில் இட்டு மின்னழுத்தத்தைக் குறைப்பது.

மின்கல அறையில் கசிவுப் படிவு இருந்தால், கார மின்கலக் கசிவை நீர்கலந்த வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்து, பின் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைக்கலாம். படிவு கம்பிக்குள் பச்சையாக ஊடுருவியிருப்பின் கம்பியை மாற்றுவதே வழி. பழைய பாதரச மின்கலத்தை உடைப்பதும் குப்பையில் எறிவதும் தீங்கானவை.

சோதித்தல்

சுருளின்றிப் பின்மூடியைத் திறந்து, கருவியை இயக்கிப் படவாயில் வழியே வில்லையைப் பார்க்கலாம். சன்னலை நோக்கும்போது ஒளித்துளை சுருங்கி, வில்லையைக் கையால் மறைக்கும்போது விரிய வேண்டும். அசைவே இல்லையெனில் மின்கலம், தொடர்பு முனை ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும். விட்டுவிட்டு அசைந்தால் தகடுகளில் தூசியோ இறுகிய மசகோ இருக்கலாம். எண்ணெய் இடுவது கூடாது. அது தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டச்செய்யும்.

அளவு சரியா என அறிய நண்பகல் வெயில் உதவும். மேகமற்ற வானின்கீழ் 25 உணர்திறனுக்கு 1/43 நொடியில் முள் எஃப்/11க்கும் எஃப்/16க்கும் இடையே நிற்க வேண்டும். எஃப்/4இல் நின்றால் கோளாறு உறுதி. அதே வெயிலில் 200 உணர்திறனுடைய சுருளுக்கு எஃப்/32ஐ ஒட்டிய துளை தேவைப்படும். பல கருவிகளின் துளை அவ்வளவு சுருங்காது. இது பழுதன்று, சாம்பல்நிற (என்.டி) வடிகட்டி பொருத்தினால் போதும்.

சுருள்பெட்டியின் வெட்டுகள்

சூப்பர் 8 பெட்டியின் விளிம்பிலுள்ள வெட்டுகளைக் கருவியின் முனைகள் உணர்ந்து சுருளின் உணர்திறனை அறிகின்றன. எளிய கருவிகள் 40, 160 ஆகிய இரண்டை மட்டுமே அறியும். 2005 இல் கோடாக்குரோம் 40 நிறுத்தப்பட்டு எக்டாகுரோம் 64டி வந்தபோது, அதை 40 எனக் கொண்ட கருவிகள் தேவைக்கு மிகுதியான ஒளியை அனுமதித்தன. மற்றொரு வெட்டு, உள்ளிருக்கும் செம்மஞ்சள் வடிகட்டியை வைப்பதா விலக்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. பெட்டி இல்லாதபோது முனைகள் விடுபட்டிருப்பதால், உணர்திறன் சார்ந்த அளவீட்டை வெறும் பெட்டி ஒன்றை இட்டே பார்க்க வேண்டும்.

கருவியின் குறையல்லாதவை

ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பலாகவே கருதும். கொடைக்கானல் மூடுபனியோ வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டிகளோ சட்டகத்தை நிறைத்தால் படம் இருளும். வானைப் பின்புலமாகக் கொண்ட முகமும் கருமையாகும். வில்லைவழி அளவிடும் கருவியைத் தாங்கியில் நிறுத்திக் கண்ணை எடுத்துவிட்டால், காட்சிகாண் வழியே பின்புறத்திலிருந்து புகும் ஒளியும் அளவீட்டைப் பிழையாக்கும். இதற்கெனச் சில கருவிகளில் சிறு மூடி உண்டு.

பழைய சுருள்களில் பிழையை அறிதல்

வீட்டுப் படங்கள் பெரும்பாலும் நேர்ப்படச் (ரிவர்சல்) சுருளில் எடுக்கப்பட்டவை. இவற்றில் மிகுதியான ஒளியால் வெளுத்த பகுதியில் விவரம் எதுவும் எஞ்சுவதில்லை. இருண்ட பகுதியிலோ விவரம் மறைந்திருக்கலாம். தரமான வருடியில் (ஸ்கேனர்) எண்ணிமமாக்கும்போது ஓரளவு மீட்க முடியும். ஆகவே, ஒளிபாய்ச்சியில் கறுப்பாகத் தெரியும் திருமணச் சுருளைப் பயனற்றதென எறியாமல் முதலில் வருடிப்பார்ப்பது நல்லது.