டீசல் பம்ப் (லாரி)

டீசலைச் சரியாக அளந்து, உயர் அழுத்தமேற்றி, உரிய கணத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் கருவி டீசல் பம்ப். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தால் கொதித்திருக்கும் காற்றுக்குள் டீசல் எப்போது பாய்கிறதோ, அதையொட்டியே எரிதல் தொடங்கும். ஆகவே அளவு, நேரம் இரண்டுக்கும் இந்த ஒரு கருவியே பொறுப்பு. இந்திய லாரிகளில் பல தலைமுறைகளாக ஓடிய இன்லைன் பம்பே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள்.

ருடால்ஃப் டீசல் 1897இல் இயக்கிக் காட்டிய என்ஜினில் எரிபொருளை உள்ளே செலுத்தியது அழுத்தப்பட்ட காற்று. அதற்கு வேண்டிய கம்ப்ரஸரின் எடையும் பருமனும் டீசலைச் சாலை வண்டிகளிலிருந்து விலக்கி வைத்தன. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனம் 1922இல் பம்ப் உருவாக்கும் வேலையைத் தொடங்கி, 1927இல் தொடர் உற்பத்திக்கு வந்த பிறகே டீசல் லாரி பரவலானது. இந்தியாவில் 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இந்தப் பம்புகளைத் தயாரித்தது. 2008இல் அது போஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது.

இயங்கும் முறை

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பம்பின் கேம் ஷாஃப்ட் என்ஜினின் பாதி வேகத்திலேயே சுற்றும். ஆறு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது, பம்பில் சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள ஒவ்வொரு எலிமெண்டும் நொடிக்கு 20 முறை டீசலைத் தள்ளுகிறது. முழுச் சுமையிலும் ஒரு தள்ளலில் போவது ஓரிரு துளிதான்.

எலிமெண்ட் என்பது பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த இணை. இரண்டுக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளி மட்டுமே. சேர்த்தே தேய்த்து மெருகேற்றப்படுவதால், ஓர் இணையின் பிளஞ்சரை வேறொரு பேரலில் போடக் கூடாது. பிளஞ்சர் மேலேறும் தூரம் எப்போதும் ஒன்றே. அதன் பக்கவாட்டில் சாய்வாக வெட்டப்பட்ட விளிம்பு பேரலின் துளையைத் திறந்ததும் அழுத்தம் வடிந்துவிடும். ராக் என்ற பல்தண்டு பிளஞ்சரைத் திருப்பினால் அந்தத் திறப்பு முந்தும் அல்லது பிந்தும்; டீசலின் அளவும் அதற்கேற்ப மாறும். ஒரே உலோகத் துண்டின் வடிவத்தில் கட்டுப்பாடு முழுவதையும் அடக்கிய இந்த வடிவமைப்பு, இயந்திரவியலின் பெரும் சாதனைகளில் ஒன்று. ராக்கை நகர்த்துவது கவர்னர். ஐடிலிங்கில் என்ஜின் அணையாமலும், உச்ச வேகத்தைத் தாண்டாமலும் அது காக்கிறது.

பழுதும் சோதனையும்

பம்பின் முதல் எதிரிகள் தண்ணீரும் தூசியும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் வழவழப்பை இழந்து எலிமெண்டைத் தேய்க்கும். தேய்ந்த எலிமெண்டின் தெளிவான அடையாளம், என்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுப்பது. சூட்டில் நீர்த்துப்போன டீசல் இடைவெளி வழியே நழுவிவிடுகிறது. அப்படிக் கசிந்த டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து அதன் மட்டத்தை உயர்த்துவதும் உண்டு.

இழுவைக் குறைவோ கரும்புகையோ கண்டதும் பம்பைக் கழற்றுவது தவறான பழக்கம். அடைபட்ட ஃபில்டர், காற்று இழுக்கும் இணைப்பு, ஓய்ந்த ஃபீட் பம்ப், ஒழுகும் நாசில், அடைபட்ட ஏர் ஃபில்டர் ஆகியவையும் இதே அறிகுறிகளில் சிலவற்றைக் காட்டும். இவை செலவு குறைந்தவை; முதலில் பார்க்க வேண்டியவையும் இவையே.

மாற்றும் முறை

பம்பின் சுற்றுப்புறத்தை நன்றாகக் கழுவிய பிறகே பைப்புகளில் கை வைக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு வாயையும் உடனே மூட வேண்டும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்க, ஃப்ளைவீலில் உள்ள இன்ஜெக்ஷன் குறிக்கு என்ஜினைத் திருப்பி நிறுத்தி, பம்பின் குறியையும் அதனோடு பொருத்த வேண்டும். ஒரு முழுச் சுற்று தவறினால், எக்ஸாஸ்ட் முடியும் நேரத்தில் டீசல் பாயும், என்ஜின் ஓடாது.

மறுகட்டுமானம் செய்த பம்ப் என்றால், அது டெஸ்ட் பெஞ்சில் கேலிபரேஷன் ஆகி வந்திருக்க வேண்டும். ஆறு சிலிண்டர் பம்பில் எலிமெண்டுகள் பொதுவாக 60 பாகை இடைவெளியில் தள்ளத் தொடங்குகின்றனவா, எல்லாம் சம அளவு தருகின்றனவா என்பதை அங்கேதான் அளக்க முடியும். லாரியில் வைத்து அதைச் சரிசெய்ய இயலாது.

பொருத்தியதும் ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் ஹேண்ட் பிரைமரால் காற்றை வெளியேற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்யுமுன் ராக் தடையின்றி நகர்கிறதா, ஸ்டாப் லீவர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ராக் முழு அளவில் சிக்கிக்கொண்டால் என்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்து உடைந்துபோகும். ஓடும் என்ஜினில் கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

இன்லைன் பம்புக்கு மாறாக, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் என்ஜின்களில் பம்பின் வேலை அழுத்தம் தருவது மட்டுமே. அளவையும் நேரத்தையும் மின்னணுக் கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. ஆனால் அந்தப் பம்ப் உள்ளே உரசி இரும்புத் துகள் உதிர்த்திருந்தால், பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்க்கைக் கழுவி, ரெயில், பைப்புகள், இன்ஜெக்டர்கள் வரை பார்க்காவிட்டால் புதிய பம்பும் அதே துகளால் கெடும்.