நோயின் காலமும் சட்டத்தின் கெடுவும்: கல்நார் நோய்க்கான இழப்பீடு குறித்து மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு வாதம்

1953 செப்டம்பர் 15 அன்று கொச்சியின் மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மூவர் உயிரிழந்தனர். தொழிலாளர்கள் எதிர்த்தது சாப்பா முறையை. வேலைக்குக் காத்து நிற்கும் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசுவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவருக்கு மட்டும் அன்றைக்கு வேலை. தொழிலாளர் வரலாறு இதைக் கூலிக்கும் மானத்துக்குமான போராட்டமாகப் பதிவு செய்திருக்கிறது. அது சரிதான். ஆனால் இழப்பீட்டுச் சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்றும் புலப்படும்: யார் எந்தக் கப்பலில் எதைத் தொட்டார் என்று அந்த வில்லை சாட்சி சொல்லாது. சாப்பா ஒழிந்தது, பதிவில்லாத உழைப்பு ஒழியவில்லை.

கல்நார் விஷயத்தில் இந்தச் சாட்சியமின்மை உயிரையே பறிக்கிறது. பழைய கப்பலின் எஞ்சின் அறையில் கொதிகலனையும் புகைக்குழாய்களையும் சுற்றியிருக்கும் வெப்பக்காப்பு உறையைப் பழுதுபார்க்க வந்தவர் கொத்திப் பெயர்க்கிறார். காய்ந்த உறை பொலபொலவென்று உதிர்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி தரையில் படிந்துவிடும். தெரியாத இழைகள் காற்றிலேயே மிதந்து நுரையீரலின் அடியாழம்வரை போகும். ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நுரையீரல் நோயோ மீசோதீலியோமா என்ற புற்றுநோயோ தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். கப்பல்களில் கல்நாரைப் புதிதாகப் பொருத்துவதற்கு முழுத் தடை வந்ததே 2011 ஜனவரி 1 முதல்தான். அப்படியானால் 1990களில் உறை பெயர்த்தவருக்கு மூச்சிரைக்கத் தொடங்குவது இப்போதுதான். காசநோய் என்று தவறாகக் கணித்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது.

ஒரு நூற்றாண்டாக இழப்பீட்டுத் துறையை ஆண்டுவந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆஸ்பெஸ்டோசிஸைத் தொழில்சார் நோயாகத் தன் மூன்றாம் அட்டவணையில் ஏற்றது. ஆனால் அதன் 10ஆம் பிரிவு, வேலையை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால்தான் அது கண்டறியப்பட்ட நாளை விபத்து நடந்த நாளாகக் கொண்டது. முப்பதாண்டு கழித்து வரும் நோயை அட்டவணையில் சேர்த்துவிட்டு, இரண்டாண்டில் கதவைச் சாத்துவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகும்.

நோயின் இந்த நீண்ட காலத்தை உச்ச நீதிமன்றம் அறியாமலில்லை. நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று அளித்த தீர்ப்பில், கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகளோ, பணி முடிந்தபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமென்றது. அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் நோயை உறுதி செய்தால், மூன்று மாதத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது. ஒரே நாட்டில் பதிவேட்டுக்கு நாற்பது ஆண்டு, நோயாளிக்கு இரண்டு ஆண்டு!

பிரிட்டன் இதே சிக்கலில் மாட்டித் தெளிந்திருக்கிறது. 1963இல் கார்ட்லெட்ஜ் வழக்கில், தூசியால் நுரையீரல் கெட்ட எஃகுத் தொழிலாளரின் உரிமை, நோய் தமக்கு இருப்பதை அவர்கள் அறியும் முன்பே காலாவதியாகிவிட்டதென்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அநீதி அப்பட்டமாகத் தெரிந்ததால் அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பாதிப்பை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்பதே இன்று அங்குள்ள விதி.

தாமதத்துக்குத் தக்க காரணமிருந்தால் மனுவை ஏற்க, இழப்பீட்டை முடிவு செய்யும் அதிகாரிக்கு உரிமை உண்டே எனலாம். உண்டு. ஆனால் அது விபத்து நாளுக்குப் பின் நேரும் தாமதத்தை மன்னிப்பது. அந்த நாளையே சட்டம் வரையறுக்காதபோது எதைக்கொண்டு தாமதத்தை அளப்பது? தவிர, ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வருபவருக்கு உரியது உரிமை. அதிகாரியின் கருணை அல்ல. 1923 சட்டத்தை உள்ளடக்கி 2020இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்ட பின்னும் இந்தக் கேள்வியின் அவசரம் குறையவில்லை. மருத்துவர் நோயை எழுத்தில் உறுதி செய்த நாளே கெடுவின் தொடக்கமாக வேண்டும்.

ஒப்பந்தக்காரர் காணாமல் போயிருந்தால் யார் கொடுப்பது என்பதற்கு 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே விடை இருந்தது: முதன்மை முதலாளி கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளி காட்ட வேண்டியது, தாம் அந்த வளாகத்துக்குள் அந்த வேலையைச் செய்ததைத்தான். கேட்டில் பெயர் எழுதாமல் யாரையும் உள்ளே விடாத துறைமுகங்களிடமும் கப்பல் பழுதுபார்ப்புத் தளங்களிடமும் அதற்கான ஆதாரம் இருக்கிறது. ஆலைகளுக்கு 1995இல் விதித்த நாற்பதாண்டுக் கடமையை இந்த நுழைவுப் பதிவேடுகளுக்கும் நீட்ட வேண்டும். பதிவேட்டை அழித்துவிட்ட நிறுவனத்துக்கு எதிராக, தொழிலாளியின் வாக்குமூலத்தையே உண்மையென்று அந்த அதிகாரி அனுமானிக்க வேண்டும்.