நியூ லண்டன் பள்ளியின் எரிவாயுக் குழாய்

1937 மார்ச் 18 அன்று, டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் ஊரில் பள்ளிக்கூடம் ஒன்று வெடித்துச் சரிந்ததில் ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். இயற்கை எரிவாயுவுக்கு மணம் இல்லாததால் கசிவை எவரும் உணரவில்லை. அதே ஆண்டு எரிவாயுவில் வாடை கலக்க டெக்சஸ் சட்டம் இயற்றியது. நம் சமையலறை சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் மெர்காப்டானும் அவ்வகை ஏற்பாடுதான். ஆனால் வாடையோடு இந்தக் கதையை முடித்துக்கொண்டால் அதைவிட முக்கியமான பாதி விட்டுப்போகிறது. எரிவாயு வேலையில் தீர்மானிக்கும் பொறுப்பு தொழில் தெரிந்தவரிடம் இல்லாமல் போனதே அந்தப் பாதி.

1930இல் எண்ணெய் கண்ட வட்டாரம் அது. பள்ளி ஏழைப் பள்ளி அல்ல. கட்டடக் கலைஞர் கொதிகலனும் நீராவிக் குழாய்களும் வைத்து வரைபடம் கொடுத்திருந்தார். நிர்வாகம் அதை ஒதுக்கிவிட்டு 72 எரிவாயுக் கணப்புகளைப் பொருத்தியது. 1937 தொடக்கத்தில் எரிவாயு ஒப்பந்தத்தையும் ரத்து செய்து, பெட்ரோல் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் வாயு ஓடும் குழாயிலிருந்து இணைப்பு எடுத்தது. மாதம் சுமார் 300 டாலர் மிச்சம். அக்கம்பக்கத்தில் பலரும் செய்துவந்த காரியம்தான். எப்படியும் எரித்துத் தீர்க்கும் வாயு என்பதால் எண்ணெய் நிறுவனங்களும் கண்டுகொள்ளவில்லை. அந்த வாயுவின் தரம் நிலையாக இருப்பதில்லை. கசிந்த வாயு கட்டடத்தின் அடியில் தேங்கி நின்றது; தொழிற்பட்டறையில் மின்சாரத் தேய்ப்புக் கருவியின் பொறி பட்டதும் தீப்பற்றியது.

தேர்ந்த பொறியாளர் மட்டும் மணமில்லாத வாயுவை எப்படிக் கண்டுபிடித்திருப்பார் என்று கேட்கலாம். கசிவை அவராலும் மோந்து அறிந்திருக்க முடியாது. ஆனால் அவருடைய வேலை கசிவுக்கு முன்பே தொடங்குகிறது: தரம் நிலையில்லாத வாயுவை வகுப்பறைக்குக் கொண்டுவரலாமா, தளத்தின் அடியில் காற்றோட்டம் உண்டா என்பதை அவர் கேட்டிருக்க வேண்டும். இத்தகைய பொறியாளருக்கு உரிமம் கட்டாயம் என்பது செலவை ஏற்றும் வேலி என்போரும் உண்டு. செலவு ஏறுவது உண்மையே. உரிமம் பெற்றவரும் தவறுவார். ஆனால் நியூ லண்டனில் சிக்கனத்தை நாடியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பள்ளிக் கண்காணிப்பாளரே அந்த வெடிப்பில் தன் மகனை இழந்தார். நல்ல எண்ணம் அங்கே போதவில்லை. நிர்வாகத்திடம் ‘கூடாது’ என்று சொல்லவும், சொன்னதற்குத் தன் பெயரைப் பிணையாக வைக்கவும் கடமைப்பட்ட ஒருவர் வேண்டியிருந்தார். பொறியாளர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும் என்ற சட்டத்தையும் டெக்சஸ் அதே 1937இல்தான் கொண்டுவந்தது.