மலைநாட்டுக் காற்றும் செய்திக் கோபுரங்களும்

நுவரெலியாவின் மின்வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நீரையே போற்றுவர். அது பொருத்தமே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள பிளாக்பூலில் அமைந்த சிறு நீர்மின் நிலையம் நகருக்கு ஒளி தந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் மலைநாட்டு நீர்வலுவைப் பயன்படுத்தும் திட்டத்தைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950இல் இலக்சபானவில் நனவாயிற்று. பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் எழுந்தன.

அதே மலைகளில் வீசிய காற்றை எவரும் பொருட்படுத்தாதது ஏன்? நீரை அணைகட்டித் தேக்கலாம். காற்றைத் தேக்க இயலாது. மேலும் காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டிலொன்றாகக் குறையும். இத்தகைய நிலையற்ற வலுவை நம்பி ஒரு நாட்டுக்கு ஒளியூட்டுதல் அக்காலத்தில் அரிது.

எனினும், தேவை சிறிதாயின் மின்கலத்திற் சேமித்து வைக்கலாம். அமெரிக்கரான சார்ல்ஸ் பிரஷ் 1888இல் தம் இல்லத்துக் காற்றாலையால் மின்கலங்களை நிரப்பி விளக்கேற்றினார். 1930களில், மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணைகளில் வானொலிப் பெட்டிகளின் மின்கலங்களைச் சிறு காற்றாடிகள் நிரப்பின. காற்று செய்திக்குத் துணைநின்ற தொடக்கநிலை இதுவே. ஊர்தோறும் மின்கம்பி சென்றதும் அக்காற்றாடிகள் மறைந்தன. 2007இல் நமீபியாவின் டோர்டாபிஸ் என்னுமிடத்தில், கைத்தொலைபேசி நிலையமொன்றைக் காற்றாலும் ஞாயிற்றொளியாலும் இயக்கிப் பார்த்தபோது, அப்பழைய முறை புத்துயிர் பெற்றது.

நமது மலைநாட்டில் இவ்வினா வெறும் அறிவியல் ஆர்வத்துக்குரியதன்று. தோட்டத்துத் தொலைபேசி நெடுங்காலம் துரையின் பங்களாவிலும் காரியாலயத்திலுமே ஒலித்தது. லயன் அறைகளில் வாழ்ந்தோர்க்குச் செய்தி கடிதமாகவோ தந்தியாகவோ வந்தது. கைத்தொலைபேசி பரவிய பின்னரே தொழிலாளி தன் வீட்டிலிருந்து பேசும் நிலை பிறந்தது. ஆயின் அவ்வுரிமை மலைமுகட்டுக் கோபுரத்தின் மின்சாரத்தைச் சார்ந்துள்ளது. மின்கம்பி அறுந்தால் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். அதன்பின் டீசல் வேண்டும். மண்சரிவு பாதையை மூடினால் டீசலும் வாராது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று அறிய இயலாது தவித்தோர் பலர்.

மலைநாட்டில் காற்றாலை இல்லாமல் இல்லை. அம்பேவெலவில் 3 மெகாவாட் காற்றாலைத் தொகுதி நிறுவப்பட்டுள்ளது. ஆனால் அது மின்சாரத்தைத் தேசிய மின்வலைக்கே அளிக்கிறது. இவ்வாறு மின்வலையோடு பிணைந்த காற்றாலைகள், வலை செயலிழந்தால் தாமும் நின்றுவிடும். ஆகவே, பேசாது கிடக்கும் கோபுரத்தின் தலைக்கு மேலேயே பெருங்காற்று வீணே வீசிச் செல்லக்கூடும். குறை காற்றில் இல்லை; அதனைப் பயன்படுத்தும் இடத்திலேயே உள்ளது.

காற்று ஒன்றே போதும் என்பதும் எம் கருத்தன்று. 2,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. முகடுகளில் அது சுழன்றடித்து இயந்திரத்தைத் தேய்க்கும். கடும்புயலில் சுழலியை நிறுத்தியே ஆகவேண்டும். ஆயினும் தென்மேற்குப் பருவத்தில் முகில் ஞாயிற்றை மறைக்கும் வேளையில் காற்று வலுக்கிறது. காற்று ஓயும் மாதங்களில் வெயில் உதவும். புயல் தணிந்த மறுநாள், பாதை திறக்குமுன்னரே, இவ்விரண்டும் மின்கலத்தை மீண்டும் நிரப்பத் தொடங்கும். அந்த மறுநாளே உயிர்காக்கும் செய்திக்குரிய நாள்.

விமலசுரேந்திர நீரைக் கண்டு நாட்டின் ஒளியை எண்ணினார். அவர் திட்டமிட்ட மலைகளில் இன்று வாழ்வோர், தம் தலைமேல் வீசும் காற்றைக் கண்டு, இடுக்கண் வேளையில் தம் குரல் பிறர்க்கு எட்டும் வழியை எண்ணுதல் தகும்.