புரிக் கடலில் நுலியாக்களின் கை

1897இல் இருப்புப்பாதை புரியை எட்டியது. ஜகந்நாதரைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்களோடு, ‘ஹாவா பதல்’ எனும் காற்று மாற்றம் நாடிக் கல்கத்தாவின் நடுத்தரக் குடும்பங்களும் வந்திறங்கின. 1925இல் வங்காள நாகபுரி ரயில்வே அங்கே தன் விடுதியைத் திறந்தது. அதன் தாழ்வாரங்களையும் உணவு மேசையையும் பற்றிப் பேசுவோர் பலர். அக்குடும்பங்கள் கடலில் இறங்கியது எப்படி என்ற கேள்வியே எனக்கு முதன்மையானது. அலை மூர்க்கமான கரை அது. கூம்புத் தொப்பியணிந்த நுலியாக்கள், அதாவது தெலுங்கு பேசும் மீனவர்கள், கூலிக்குக் கைபிடித்து நீராட்டினர். கட்டுமரத்தில் தலைமுறைகளாகப் பயின்ற அலையறிவே (விடுதிச் சேவையன்று) விடுமுறையைச் சாத்தியமாக்கியது. அவ்விடுதி நிற்கும் சக்ரதீர்த்த சாலைக்கு அப்பால், அதே கரையில்தான் மீனவர் குடியிருப்பான பெந்தகட்டா இன்றும் இருக்கிறது.